நிழலண்ணன் வைத்த செட்டிங்

கேம் சென்டருக்கு வருகிற யாரும் அவரை அப்பா அம்மா வைத்த பெயரால் கூப்பிட்டதில்லை. எந்தக் கம்ப்யூட்டர் திணறினாலும், என்ன ஏது என்று விசாரிப்பதற்கு முன்பே, "மொதல்ல நிழலை அணை" என்பார். அதனால் நிழலண்ணன். வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால், "நிழலண்ணனுக்குச் சாப்பாடு இப்பவே வேணுமா, இல்ல அப்புறமா வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சாடையாகச் சொல்வாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர், "நிழலண்ணனுக்குப் பசி காதை அடைக்குதுன்னு சொல்லு" என்பார்.

நிழலில் அப்படி என்ன பகை என்று கேட்கலாம். ஆட்டத்துக்குள் ஒரு மரம் நின்றால் அதற்குக் கீழே நிழல் விழவேண்டும். ஆள் ஓடினால் நிழலும் கூடவே ஓடவேண்டும். அத்தனையையும் கணக்குப் போட்டு வரைந்து காட்டுவது கம்ப்யூட்டர்தான். வயதான கம்ப்யூட்டரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அது மூச்சு வாங்கும், படம் விட்டுவிட்டு நகரும், சுடவேண்டிய நேரம் பார்த்து உறைந்து நிற்கும். அது உயிர் பெற்று எழுவதற்குள் எதிராளி நம்மைச் சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான்.

சென்டரில் இருந்தவை எல்லாமே வயதான கம்ப்யூட்டர்கள். மூடப்போன ஓர் அலுவலகத்திலிருந்து மொத்தமாகத் தூக்கிவந்தவை. மெத்தைக் கடையின் மாடியில் ஒரு நீளமான அறை, இரண்டு வரிசை மேசைகள், வெயில் நுழையாதபடி தடித்த திரை, காலுக்குக் கீழே ஒயர்கள். நிழலண்ணனும் அவர் மனைவியின் தம்பியும் கூட்டாக நடத்தினார்கள். மைத்துனனுக்கு வாய் ஜாஸ்தி, அதனால் கவுன்ட்டரும் வாடிக்கையாளர்களும் அவன் பொறுப்பு. மெஷின்கள் இவர் பொறுப்பு. புதுசுபுதுசாக வரும் ஆட்டங்கள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போயின. அந்தக் கனத்தை இந்த மெஷின்களைத் தூக்கவைப்பதுதான் நிழலண்ணனின் வித்தை.

பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குக் குடி போகிறவர்கள் எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று பிரிப்பார்களே, அந்த மாதிரிதான் செய்வார். முதலில் நிழல் போகும். அப்புறம் தண்ணீரில் தெரிகிற பிம்பம், புல், தூரத்து மலை. ஒவ்வொன்றையும் குறைக்கக் குறைக்க, திரையின் மூலையில் ஓடுகிற வேக எண் ஏறும். அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குழந்தைச் சந்தோஷம். "விளையாடறவன் எதைப் பாக்குறானோ அதை அப்படியே வச்சிரு, எதைப் பாக்கலையோ அதைத் தூக்கு" என்று மைத்துனனுக்குப் பாடம் நடத்துவார். எல்லாம் சரி செய்த பிறகு செட்டிங்ஸை யாரும் தொடமுடியாதபடி பூட்டிவிடுவார். பூட்டாவிட்டால், வந்து உட்கார்கிறவன் முதல் காரியமாக எல்லாவற்றையும் உச்சத்தில் ஏற்றிவிட்டு, "அண்ணா, ஹேங் ஆயிடுச்சு" என்று கூசாமல் வந்து நிற்பான்.

இந்த வேலைக்கு அளவுகோல் எதுவும் கிடையாது. கண்தான் எல்லாம். கண் போனால் நிழலண்ணன் வெறும் ஆள். அந்தப் பயம் அவருக்கு இருந்தது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவர் அப்பா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பே, பக்கவாட்டில் வந்த சைக்கிளைக் கவனிக்கவில்லை என்று வண்டியிலிருந்து இறக்கி டிப்போவுக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சறுக்கல்தான். கடைசிக் காலத்தில் கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைத் தடவிக்கொண்டே போவார். கை பட்டுப் பட்டுச் சுவரில் ஓர் அழுக்குக் கோடு விழுந்துவிட்டது. வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், மருத்துவரிடம் யாரும் அழைத்துப் போகவில்லை. அப்பா போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அந்தக் கோட்டின் மேல் பிரஷ்ஷை ஓட்டியது இவர்தான். அன்றிலிருந்து கண் என்று யாராவது பேச்செடுத்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்.

ஆனால் கால் முட்டிக்குத் தாவத் தெரியாதே. சென்டரில் நாற்காலிகளில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். "நடக்கற வழியிலயா நாற்காலியைப் போடுவானுங்க?" என்று கத்தினார். நாற்காலி இத்தனை வருஷமாக அங்கேதான் இருந்தது. வீட்டில் கைக்குப் பக்கத்தில் வைத்த டீ டம்ளர் தட்டிவிடப்பட்டது, வைத்தவள் மேல் பழி. பக்கத்தில் வந்து நின்று கூப்பிடாமல் காத்திருக்கும் பையன்கள், அண்ணனுக்கு ரொம்பத் திமிர் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பைக்கை வாசல் கேட் தூணில் உரசிய பிறகு, முதுகு வலி என்று ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். இடித்த ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு குற்றவாளி தயாராக இருந்தான்.

மனைவி சும்மா விடவில்லை.

"ஏங்க, ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாம். முழங்கை பூரா சிராய்ப்பு. நிலைப்படி என்ன நேத்து முளைச்சதா?"

"என் கண்ணுக்கு என்னடி? கண்ணாடிக் கடைல எழுத்துப் பலகை வச்சிருக்கான்ல, அதுல கடைசி வரியைப் படிச்சேன். அதுக்கும் கீழ பொடி எழுத்துல அச்சடிச்சவன் பேரு இருந்துச்சு, அதையும் படிச்சேன். கடைக்காரனே அசந்துட்டான்."

"படிக்கறதைக் கேட்கல. இடிக்கறதைக் கேட்கறேன்."

"வீட்டைக் குறுகலா கட்டி வச்சிருக்கான், நான் என்ன பண்ண?"

பொய் சொல்லவில்லை அவர். பொடி எழுத்தை உண்மையிலேயே படித்தார். கம்ப்யூட்டருக்குள் ஊசித் தலை அளவு சிப்பில் இருக்கும் எண்ணைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு வந்தது எனக்கு இல்லை என்று மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார்.

அப்போதுதான் அந்த மேட்ச் வந்தது.

சென்டரில் வாடிக்கையாக ஆடுகிற ஐந்து பேர் ஓர் அணி. தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரிகிறவன் தலைவன், அவன் பெயரே தொப்பி. இன்னொரு சென்டரின் அணியோடு அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடியே மோதவேண்டும். ஜெயித்தால் பெரிய போட்டிக்குப் போகலாம். வருஷக்கணக்காக அதற்காகத்தான் அந்தப் பையன்கள் அந்த மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, அவனுங்க சென்டர்ல எல்லாம் புது மெஷினு. நம்மளுது புகை வந்தா நின்னுருது" என்றான் தொப்பி.

"புகையைத்தான் அணைச்சாச்சேடா."

"அது அடுப்புப் புகைண்ணா. இது குண்டு போட்டா வர்ற புகை. அதை அணைக்க முடியாது. ஏதாவது பண்ணுங்கண்ணா, காலைப் புடிச்சுக்கறேன்."

"காலை விடு, ஏற்கனவே அடிபட்டு வீங்கிக் கிடக்கு."

சவால் என்று வந்தால் நிழலண்ணனுக்கு இருப்புக்கொள்ளாது. மறுநாள் சென்டர் திறப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்தார். அணைக்கக்கூடியது எல்லாம் ஏற்கனவே அணைந்து கிடந்தது. மேலும் கீழுமாகத் தேடியபோது, இத்தனை நாளும் தொடாமல் விட்டிருந்த ஒன்று தட்டுப்பட்டது. 'ஃபீல்ட் ஆஃப் வியூ'. ஆட்டக்காரனுக்கு இடமும் வலமும் எவ்வளவு அகலத்துக்குக் காட்சி தெரியவேண்டும் என்று சொல்கிற செட்டிங் அது. அகலம் குறைந்தால் கம்ப்யூட்டர் வரையவேண்டியதும் குறையும். மெல்ல இடப்பக்கம் தள்ளினார். மூலையில் எண் ஒரு துள்ளு துள்ளியது. இன்னும் தள்ளினார், இன்னும் துள்ளியது.

ஓரம் வெட்டுப்படும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று பார்க்கத்தான் செய்தார். ஆட்டத்துக்குள் ஒரு சந்தைத் தெருவில் போய் நின்றுகொண்டு, குறிபார்க்கிற புள்ளியில் கண்ணை நிறுத்தி, அகலத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கூட்டினால் எதிரே நிற்கிற ஆட்கள் சிறுத்துப்போனார்கள். குறைத்தால் கிட்டே வந்து பளிச்சென்று நின்றார்கள். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வித்தியாசம். ஓரத்தில் ஏதாவது காணாமல் போயிற்றா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒன்றும் போனதாகத் தெரியவில்லை. நஷ்டமே இல்லாத லாபம் என்று தோன்றியது. இத்தனை வருஷமாக இதை எப்படி விட்டோம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, அணியின் ஐந்து மெஷின்களிலும் அதைக் கடைசி எல்லை வரைக்கும் குறைத்துவைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் பையன்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். வேகத்தைப் பார்த்து ஊளையிட்டார்கள். தொப்பி மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"என்னண்ணா, எல்லாம் மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குது? லேசா தலை சுத்துது."

"கிட்ட வந்தா சுடறதுக்கு வாகாத்தானே இருக்கும்? திடீர்னு வேகம் கூடியிருக்குல்ல, அதான் சுத்துது. பழகிட்டா சரியாயிடும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் தொப்பி மல்லுக்கு நின்றிருப்பான். சொன்னது நிழலண்ணன். மெஷின் விஷயத்தில் அவர் வாக்குக்கு அங்கே மறுபேச்சு இல்லை. அன்றைக்கு அவர்கள் பழகிய மைதானமும் நீளமான நேர்ப்பாதை, எதிரி எதிரேதான் வந்தான். எல்லாம் நன்றாகப் போவதாகவே தோன்றியது.

மேட்ச் அன்று மாடி நிறையக் கூட்டம். கவுன்ட்டருக்கு மேலே மாட்டியிருந்த பெரிய டிவியில், இரண்டு அணிகளும் ஆடுவதை வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி மைத்துனன் போட்டுவிட்டிருந்தான். அணிக்குப் பின்னால், நாற்காலி முதுகுகளைப் பிடித்தபடி நிழலண்ணன் நின்றார். இந்தத் தடவை மைதானம் சந்து பொந்துகள் நிறைந்த ஊர். முதலில் தொப்பி விழுந்தான். அடுத்து இன்னொருவன். இடப்பக்கத்தைக் காவல் காக்கிறவன் ஒல்லி. தொப்பி அவன் மேல் பாய்ந்தான்.

"லெஃப்ட்டு உன்னோடதுதானேடா! தூங்கறியா?"

"வரலடா. சத்தியமா யாரும் வரலடா."

"வராமத்தான் என்னைச் சுட்டுட்டுப் போனானா?"

ஒல்லிக்குக் குரல் உடைந்துவிட்டது. நிழலண்ணனால் பொறுக்க முடியவில்லை. "டேய், அவனை ஏன்டா போட்டுத் தாளிக்கற? நான் பின்னாடியேதான் நிக்கறேன். ஒருத்தனும் வரல" என்று சாட்சி சொன்னார்.

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அவரை விசித்திரமாகப் பார்த்தது. எதிரி ஒல்லியின் தோளுக்குப் பக்கத்திலேயே வந்து, நிதானமாக நின்று, நிதானமாகச் சுட்டதை அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொருவனாகப் பக்கவாட்டில் அடிவாங்கி விழுந்தான். தொப்பி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வீசினான். "நீ இனிமே டீம்ல வேணாம்" என்று ஒல்லியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். ஒல்லி அசையாமல் உட்கார்ந்திருந்து, எல்லோரும் போன பிறகு தனியாக எழுந்து போனான்.

மாடி காலியானதும் மைத்துனன் ஒல்லியின் மெஷினில் உட்கார்ந்தான். டிவியில் அத்தனை தெளிவாகத் தெரிந்த ஆள் இவனுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்பது அவனுக்கு இடித்துக்கொண்டே இருந்தது. பூட்டைத் திறந்து செட்டிங்ஸைப் பார்த்தவன் நிமிர்ந்தான்.

"மாமா, அகலத்தை யாரு இப்படிக் கொறைச்சது?"

"நான்தான். எண்ணு எவ்ளோ ஏறிச்சு பாத்தல்ல?"

"எண்ணு ஏறி என்ன பிரயோஜனம்? குதிரைக்குக் கண்ணுல பட்டை கட்டி விட்ட மாதிரி விட்டிருக்கீங்க. பாவம், பசங்க பக்கத்துல நிக்கறவனைப் பாக்க முடியாம செத்திருக்கானுங்க!"

"சும்மா அளக்காத மாப்ளே. கூட்டி வச்சாலும் அதே படம்தான், கொறைச்சு வச்சாலும் அதே படம்தான். நான் ஒண்ணுக்கு நாலு தடவை பாத்துட்டுத்தான் வச்சேன்."

மைத்துனனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மாமா தன்னைக் கேனையன் ஆக்குகிறார் என்றே நினைத்தான். அகலத்தைப் பழையபடி ஏற்றிவிட்டு, அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தான். அவன் எதிர்வரிசையில் இன்னொரு மெஷினில் உட்கார்ந்து அதே ஆட்டத்துக்குள் நுழைந்தான்.

"ஆடறவன் எப்படிப் பாப்பானோ அப்படிப் பாருங்க. நடுவுல குறிப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. நான் லெஃப்ட்ல வர்றேன். வந்ததும் சொல்லுங்க."

"வா."

கொஞ்ச நேரம் போயிற்று.

"வந்துட்டேன் மாமா."

"எங்க வந்த?"

"நிக்கறேன். உங்க பக்கத்துல. குதிக்கறேன் பாருங்க."

"விளையாடாத மாப்ளே. தெரு காலியா கிடக்கு. வா சீக்கிரம்."

மைத்துனன் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றான். அவர் திரையின் இடது ஓரத்தில் அவனுடைய ஆள் பச்சைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ தட்டியது. எதுவும் சொல்லாமல், அவர் காதுக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து நீட்டினான். மெல்ல முன்னால் கொண்டுபோனான். கன்னத்தைத் தாண்டியது. அவர் திரையைப் பார்த்தபடியே, "என்ன மாப்ளே, இன்னும் வரலையே" என்றார். கை இன்னும் முன்னால் போயிற்று. கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்தபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"எப்படா எந்திரிச்சு வந்த?"

மைத்துனனின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் காலடியில் ஒயர்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மாமா... எவ்ளோ நாளா இப்படி?"

இடித்த நாற்காலி, தட்டிவிட்ட டம்ளர், உரசிய தூண் எல்லாம் அவர் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இத்தனை நாளும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்பிவைத்தவரால் மொத்தக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் அனுப்ப முடியவில்லை. கை தானாகப் பக்கத்துச் சுவரைத் தேடியது. அதைக் கவனித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் மாப்ளே ஆரம்பிச்சுது" என்றார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு விஷயம் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போனார். அவள் திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டை நேர் எதிரே கொண்டுவந்து வைத்தாள், தண்ணீர் டம்ளரையும் தட்டுக்கு முன்னாலேயே வைத்தாள். "காலைல போறோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டறைக்கு அழைத்துப் போனார்கள். பாதியாக வெட்டிய பெரிய பந்தின் உட்புறம் மாதிரி வெள்ளையாக ஒரு மெஷின். அதன் முன்னால் முகவாயை வைத்து உட்காரவேண்டும். ஒரு கண்ணை மூடிக் கட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அங்கே வேலை பார்க்கும் பெண்.

"நடுவுல மஞ்சள் புள்ளி தெரியுதா சார்? அதையே பாருங்க. எந்தப் பக்கம் லைட்டு மின்னினாலும் உடனே பட்டனை அமுக்குங்க. கண்ணைத் திருப்பக்கூடாது."

பட்டன் கைக்கு வந்ததும் கொஞ்சம் தெம்பும் வந்தது. இது நம்ம ஏரியா என்று நினைத்தார். புள்ளிக்குப் பக்கத்தில் ஒன்று மின்னியது, அமுக்கினார். இன்னொன்று, அமுக்கினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தார். ஒன்று வந்தது. மறுபடியும் நீண்ட இடைவெளி. மெஷினுக்குள் ஏதோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது.

"ஏம்மா, மெஷின் ஹேங் ஆயிடுச்சு போல. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்."

"ஓடிட்டுதான் இருக்கு சார்" என்றாள் அந்தப் பெண், தணிந்த குரலில். "நீங்க புள்ளியைப் பாருங்க."

அந்தத் தணிந்த குரல் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கடைசிவரை பட்டனைப் பிடித்துக்கொண்டு, வராத வெளிச்சத்துக்காக உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, மூளைக்குப் போகிற நரம்பை அரித்து, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது என்றார்.

"கறுப்பா எதுவுமே தெரியலையே டாக்டர்? எல்லாம் முழுசாத்தான் தெரியுது."

"அப்படித்தான் தெரியும். இல்லாத இடத்தை மூளை தானா இட்டு நிரப்பிக் காட்டிடும். அதனாலதான் நிறைய பேரு தாமதமா வர்றாங்க. போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார். "எங்கப்பாவுக்கு" என்றார்.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

"கூட்டிட்டு வாங்க. ரத்த வழியா வரக்கூடியது."

தன் கண்ணில் போனது திரும்ப வராது என்று கேட்டபோது கல் மாதிரி இருந்த மனுஷன் இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண் என்ற பேச்சை எடுத்தாலே தாவி ஓடிய அத்தனை வருஷமும் மகளுடைய வருஷங்களும்தான் என்பது அந்த நாற்காலியில்தான் அவருக்கு உறைத்தது. அவளுக்கும் இருந்தால், அதை வளர விட்டது வேறு யாருமில்லை.

மறுநாள் சென்டரில் தொப்பியையும் ஒல்லியையும் சேர்த்து உட்காரவைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "ஒல்லி மேல ஒரு தப்பும் இல்ல. பக்கவாட்டுல வர்றது எனக்கே தெரியாது, அதைத்தான் உங்களுக்கும் செஞ்சு வச்சிருக்கேன்" என்றார்.

"அப்ப என்னைச் சுட்டது நீங்கதானாண்ணா?" என்று தொப்பி சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்காததால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு ஒல்லியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அவர்கள் சமாதானமாகிப் போனார்கள். அவருக்குத்தான் ஆகவில்லை. மகளின் கண்ணைப் பார்க்க ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் இன்னும் வரவில்லை.

அந்த நாள் வந்தது. காலேஜுக்கு லீவு போடவைத்ததற்கு மகள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் இவருக்கு இடப்பக்கம் நடந்ததால், குரல் மட்டும் கேட்டது, ஆளைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பவேண்டியிருந்தது. இத்தனை நாளும் இப்படித் திருப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

இருட்டறைக் கதவு அவளை உள்ளே விட்டுச் சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் அவரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். மனைவி அவர் கையைப் பிடித்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் பட்டன் அழுத்துகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் இருப்பதையும் எடுத்துக்கொள், அவளிடம் போகாதே என்று அந்த நோயிடமே மனசுக்குள் கெஞ்சினார். சாமியிடம் கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கதவு திறந்தது. மகள் ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண், மனைவியைப் பார்த்துச் சிரித்து, ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். அவருக்கும் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மகளின் இரண்டு கையையும் இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பாரம் இறங்கிய அப்படியொரு நிம்மதியை அவர் அதுவரை அனுபவித்ததில்லை.

"இதுக்கா ரெண்டு பேரும் இப்படி அழறீங்க?" என்றாள் மகள். "செம ஜாலியா இருந்துச்சுப்பா. எவ்ளோ லைட்டு! நிக்கவே இல்ல. மேல, கீழ, ரெண்டு ஓரத்துலயும் மாத்தி மாத்தி மின்னிக்கிட்டே இருந்துச்சு. அமுக்கி அமுக்கி வெரலே வலிக்குது."

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்ல அந்தச் சிரிப்பு நின்றது. அவள் கையை விடாமல், ஒரு சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"ரெண்டு ஓரத்துலயுமா வந்துச்சு?"